நான்காவது சரணம் என்னுடையதல்ல

புதன்கிழமை மாலை

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்றும், அத்தானின் முழங்கால் வலி மாடிப்படி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நாம் பேசிய இருபது நிமிடத்தில் பத்தொன்பது நிமிடம் நீ பேசினாய். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் நான் "அக்கா, அக்கா, நான் சொல்றதைக் கேளு" என்று சொன்னேன். அதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் வானொலி நிலையத்துக்குப் போகப் போவதில்லை. ஒட்டகத்தோடு ஒரே மைக் முன்னால் உட்காரப் போவதில்லை. 'அவனுக்குன்னு ஒரு பேர் இருக்குடா' என்று நீ இப்போதே முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கலாம். ஊருக்கெல்லாம் அவன் ஒட்டகம்தான். கழுத்து அப்படி. அவன் உன் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டான், உன் தையல் மெஷினை எப்படி ஒரே மணி நேரத்தில் சரி செய்து கொடுத்தான் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். லிஃப்ட் மெக்கானிக் தையல் மெஷினைச் சரி செய்வதில் என்ன அதிசயம்? எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம் மெஷின் விவகாரம் இல்லை.

உனக்கு இந்த ஊரின் பாட்டு உலகம் தெரியாது. உலகம் என்பது பெரிய வார்த்தை. மொத்தம் பதினான்கு பேர். சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள். வியாழன்தோறும் மாலை ஆறரைக்குச் சலவைக் கடையின் மாடி அறையில் கூடுகிறோம். கீழே கொதிகலன். பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஆவி மேலே வரும். ஏழு மணிக்குச் சுருதி சேர்த்தால் ஏழேகாலுக்குக் கலைந்துவிடும். எங்கள் பாட்டெல்லாம் மூன்று நிமிடத்தில் முடிவதற்கு அதுதான் காரணம், கணக்கு வாத்தியாரைத் தவிர. அவர் பாட்டு பதினொரு நிமிடம். கடைசி நாலு நிமிடம் கிட்டார் வேறொரு பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும். கடைக்கார அம்மாதான் எங்களுக்குத் தலைவி. பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, ஆனால் யார் பாட்டு எப்படி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். என் பாட்டுகளைப் பற்றி இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லா கஞ்சி போட்டிருக்கீங்க சார், உள்ளே ஆள்தான் இல்லை."

அந்த அறைக்கு விதிகள் உண்டு. ஒன்பது விதிகள். சுவரில் ஒட்டியிருக்கிறது. எழுதியவன் நான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், இரண்டு பட்டம் வாங்கியவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். மாதத்தின் கடைசி வியாழனில் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிச் சோப்புத்தூள் டப்பாவில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் கைக்கு வருகிறதோ, அவர் பாட்டை நீ பாட வேண்டும். ஒரு வார்த்தைகூட மாற்றக் கூடாது. ஆனால் கடைசியில் உன்னுடையதாக ஒரே ஒரு சரணம் சேர்க்கலாம். சேர்த்த சரணம் அன்றிலிருந்து பாட்டின் சொந்தக்காரருக்குப் போய்விடும். இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அந்தச் சமயத்தில் கணக்கு வாத்தியார், நான் அவர் பாட்டில் சேர்த்த அருமையான சரணம் ஒன்றை அடுத்த வாரமே வெட்டி எறிந்திருந்தார். அந்த ஆத்திரத்தில் ஏழாவது விதியை எழுதினேன்: சேர்த்த சரணத்தை, சேர்த்தவர் நேரில் சம்மதம் தராமல் நீக்கக் கூடாது. தடித்த எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

இப்போது அந்த ஏழாவது விதி என் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

பதினொரு வருடம் முன்னால் நூலக ஆண்டு விழாவில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் சரியான வரிசையில் இன்னொரு முறை சொல்கிறேன். அப்போது நாங்கள் இரட்டையர். அவனும் நானும் சேர்ந்து எழுதியது, சேர்ந்து பாடியது. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆயுளில் அவ்வளவு பெரிய கூட்டம் அதுதான். இரண்டாவது சரணத்தில் என் தந்தி அறுந்தது. பட்டென்று அறுந்தது, மைக்கில் கேட்டது. நான் குனிந்து புதுத் தந்தியை மாட்டத் தொடங்கினேன். கூட வாசிப்பவன் என்ன செய்ய வேண்டும்? நிறுத்த வேண்டும். ஒரு வார்த்தை பேசி, ஒரு சிரிப்புச் சிரித்து, காத்திருக்க வேண்டும். அவன் நிறுத்தவில்லை, அக்கா. என் பங்கையும் சேர்த்துப் பாடினான். முன்னைவிட உரக்கப் பாடினான். எழுந்து முன்னால் போய் நின்றுவேறு பாடினான். நான் முறுக்காணியைத் திருகி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது பாட்டு முடிந்து, முந்நூறு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு. அவன் முதுகுக்குப் பின்னால் நான், சுருதி சேர்த்த கிட்டாரோடு. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. ஒரே அறையில் வியாழன்தோறும் பதினொரு வருடம் பேசாமல் உட்கார்வது லேசான காரியம் இல்லை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

நான்கு வாரத்துக்கு முன்னால் அந்த விஷயத்தை நான் பாட்டாகவே எழுதினேன். பெயர் 'நிறுத்தவில்லையே'. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, நேரடியான வசவு:

'என் தந்தி அறுந்தது, உன் குரல் அறவில்லை,
என் தலை நிமிருமுன் கைதட்டல் காத்திருக்கவில்லை,
நிறுத்தவில்லையே, நீ நிறுத்தவில்லையே.'

இப்படி மூன்று சரணம். பாடும்போது அவனையே பார்த்துப் பாடினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அந்த நீளக் கழுத்தை ஆட்டித் தாளம் போட்டுக் கேட்டான். திட்டு வாங்குகிறவன் தாளம் போட்டால் திட்டுகிறவனுக்கு என்ன மரியாதை? பாடி முடித்ததும் கடைக்கார அம்மா, "இன்னொரு தரம் பாடுங்க சார்" என்றார். அக்கா, நான் இதுவரை நாற்பத்தொரு பாட்டு எழுதியிருக்கிறேன். இன்னொரு தரம் பாடு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நீகூடச் சொன்னதில்லை. அன்றுதான் முதல் முறை. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பாட்டை நான் லேசில் விடமாட்டேன்.

அடுத்த வாரம் மாதக் கடைசி வியாழன். டப்பாவைக் குலுக்கினோம். ஒட்டகம் கையை விட்டான், என் பெயர் வந்தது. நிச்சயம் வேறு ஏதாவது பாட்டைப் பாடித் தப்பிப்பான் என்று நினைத்தேன். நாற்பது இருக்கிறதே. அவன் 'நிறுத்தவில்லையே'யை எடுத்தான். தன்னைத் திட்டிய பாட்டைத் தானே, ஒரு வார்த்தை மாற்றாமல், நிதானமாக, என்னைவிட நன்றாகப் பாடினான். நன்றாகப் பாடினான் என்று எழுதுவதற்கு எனக்குப் பேனா ஓடவில்லை. ஆனாலும் உண்மையை எழுத வேண்டும். பிறகு தன் சரணத்தைச் சேர்த்தான்:

'குனிந்த உன் விரல்கள் நடுங்கியதைக் கண்டவன் நானொருவன்,
கூடத்துக் கண்ணெல்லாம் என் மேலே இருக்கட்டும் என்றுதான்
நிறுத்தவில்லையடா, நான் நிறுத்தவில்லையடா.'

கணக்கு வாத்தியார் மூக்கைச் சிந்தினார். கடைக்கார அம்மா படியிறங்கிக் கொதிகலனைப் பார்க்கப் போனார். கொதிகலன் அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் கிட்டாரை உறையில் போட்டேன். இதைவிட ஒரு சாமர்த்தியமான பொய்யைப் பதினொரு வருடத்தில் ஒருவன் யோசித்திருக்க முடியுமா? என் கை நடுங்கியதாம். இவன் என்னை மறைத்தானாம். பொய் என்றாலும் பரவாயில்லை, சந்தமாவது இடித்திருக்கலாம். அதுவும் சரியாகப் பொருந்திவிட்டது.

அதற்கடுத்த வாரம் என் பாட்டை நான் பாடினேன். என்னுடைய மூன்று சரணத்தோடு முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு நொடி கழித்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து நான்காவது சரணத்தைப் பாடினார்கள். என் முகத்துக்கு நேரே, நான் வாசிக்காமலே. ஒட்டகம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெருந்தன்மையாம். "சார், ஏழாவது விதி" என்று கணக்கு வாத்தியார் சுவரைக் காட்டினார். பதினைந்து வருடமாக அந்த ஆள் இதற்காகக் காத்திருந்திருக்கிறார். அன்று பார்த்து, துவைத்த சட்டைகளை வாங்க வந்த ஒருவர் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார். வானொலி நிலையத்தில் வேலை. சனிக்கிழமை காலை நேரலை நிகழ்ச்சியில் இந்தப் பாட்டு வேண்டும் என்றார். "நாலு சரணமும் வேணும், ரெண்டு பேரும் வரணும்" என்றார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுக்கிறாள், நான்காவது சரணத்தை. "என்னுது மூணு இருக்கே, அதில் ஒண்ணைப் பாடக் கூடாதா?" என்றேன். "அந்த மூணும் ஆபீஸ்லேருந்து வந்த லெட்டர் மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஆக, எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அவனிடம் நேரில் சம்மதம் வாங்கிச் சரணத்தை நீக்கிவிட்டு, நான் மட்டும் போய்ப் பாடுவது. எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். கேட்கும் நிலைமை தானாக வந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்தின் லிஃப்ட், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே நானும் கண்காணிப்பாளர் அம்மாவும். அரை மணி நேரம் கழித்துக் கூண்டின் மேலே யாரோ இறங்கும் சத்தம். "உள்ளே எத்தனை பேரு?" என்று ஒரு குரல். யார் குரல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "ரெண்டு பேர்ப்பா. நானும், புகாருக்குப் பதில் எழுதற சாரும்" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக ஒரு சீட்டி. 'நிறுத்தவில்லையே.'

நான் கண்காணிப்பாளர் அம்மாவிடம் திரும்பி, "மேடம், ஏழாவது விதியின்படி நான்காவது சரணத்தை நீக்க அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள்" என்றேன்.

"அது எந்த விதி சார், வாரிய விதியா?"

"கேளுங்கள் மேடம்."

"அவர் மூணடி தூரத்துல இருக்கார், உங்க குரல் அவருக்குக் கேக்குது. எனக்குப் பன்னண்டு மணிக்கு மீட்டிங். நேரா பேசித் தொலைங்க ரெண்டு பேரும்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை, "டேய்."

"சொல்லுடா" என்றான், நேற்றுச் சாயங்காலம் பிரிந்தவன் மாதிரி.

"அந்தச் சரணத்தை எடுக்கணும்."

"எடுத்துக்கோ. உன் பாட்டு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. அன்னிக்கு உன் கை நடுங்கலன்னு சொல்லு. அந்த நிமிஷமே எடுத்துடலாம். மேடம் சாட்சி."

"சொல்லிடுங்க சார்," என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "நடுங்கலன்னா நடுங்கலன்னு ஒரு வார்த்தை. அதுல என்ன இருக்கு?"

"முதல்ல லிஃப்டை இறக்குடா" என்றேன்.

"லிஃப்ட் அப்பவே சரியாயிடுச்சு. நீ சொல்லு, இறக்கறேன்."

இதற்குப் பெயர் மிரட்டல். எழுத்து மூலம் புகார் கொடுத்திருப்பேன். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் எல்லாப் புகாரும் என் மேசைக்குத்தான் வரும், அதற்கு நானே 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று எனக்கே பதில் எழுத வேண்டியிருக்கும். கடைசியில் கண்காணிப்பாளர் அம்மாதான் மேலே பார்த்து, "இந்தாப்பா, அன்னிக்கு நடுங்குச்சோ இல்லையோ, இவருக்கு இப்ப நடுங்குது. இறக்கு" என்றார். இறக்கினான். கதவு திறந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

ஒரு வார்த்தைதானே, ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. லிஃப்டுக்குள் காற்று போதவில்லை.

இந்த நிலைமையில்தான் செவ்வாய்க்கிழமை நீ போன் செய்கிறாய். என் மனைவி எல்லாவற்றையும் உன்னிடம் ஒப்பித்திருக்கிறாள். 'அப்பா போய் மூணு வாரம்கூட ஆகலடா அப்போ, விழாவுக்குக் கிளம்பறப்போ உன்னால சட்டைப் பொத்தானைப் போட முடியல, நான்தான் போட்டு விட்டேன்' என்கிறாய். அக்கா, அது புதுச் சட்டை. பொத்தான் துளை சின்னது. விழாவில் தந்தி மாட்ட நேரமானதற்குக் காரணம் மேடை விளக்கு. நேராகக் கண்ணில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்ததும் அந்த விளக்கினால்தான். முன் வரிசையில் அப்பா எப்போதும் உட்காரும் ஓரத்து நாற்காலியை யாரோ காலியாக விட்டிருந்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவு நேரம் நான் குனிந்தே இருந்தேன் என்பதை அவன் மட்டும் கவனித்தான் என்றால், அடுத்தவன் விரலை எண்ணிக்கொண்டு மேடையில் நிற்பவன் என்ன பாடகன்?

ஆகவே, என் முடிவில் மாற்றம் இல்லை. நீ சொன்னாலும் சரி, அத்தானே நேரில் வந்து சொன்னாலும் சரி. அந்தச் சரணத்தோடு நான் பாடினால் அவன் சொன்னது உண்மை என்று ஊர் அறிய ஒப்புக்கொண்டதாகும். அது இல்லாமல் பாட ஏழாவது விதி இடம் தராது. என் விதியை நானே மீறமாட்டேன். பாட்டு வானொலியில் வராவிட்டால் போகட்டும். நாற்பத்தொரு பாட்டில் ஒன்று தேறியது, அதுவும் போகட்டும். பதினொரு வருடம் கட்டிக் காத்த கோபம் ஒரு மனிதனின் சொத்து. அதை மூன்று வரிக்கு விட்டுக் கொடுக்க நான் ஏமாளி இல்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வீட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பேன். நீ வானொலியைப் போட்டு ஏமாறாதே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். உன் மருமகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவளும் உன் கட்சிதான். வயதில் மூத்தவள் என்பதால் உன் ஆசியைக் கேட்டுக்கொள்கிறேன். ஆலோசனையை நீயே வைத்துக்கொள்.

என்றும் உன் சொல் கேளாத,
தம்பி

பி.கு.: சனிக்கிழமை மதியம். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கத்தான் காலையில் கிளம்பினேன். நம்பிக்கையான தபால் பெட்டி வானொலி நிலைய வாசலில் இருப்பதுதான். கிட்டாரைக் கையில் எடுத்துப் போனதற்குக் காரணம், வீட்டில் வைத்தால் உன் மருமகள் அதன் மேல் ஈரத் துண்டைப் போடுகிறாள். வாசலில் ஒட்டகம் நின்றிருந்தான். "வந்துட்டியா" என்றான். "தபால் போட வந்தேன்" என்றேன். "சரி, போட்டுட்டு வா" என்றான். போட மறந்துவிட்டேன். நீ கேட்டிருப்பாய், ஆனால் நீ கேட்டதில் ஒரு விஷயம் தெரிந்திருக்காது. இரண்டாவது சரணத்தில் அவன் தந்தி அறுந்தது. நேரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் குனிந்தான். அவ்வளவு பெரிய லிஃப்டை இறக்குகிற அந்தக் கை, ஒரு தந்தியைத் துளையில் நுழைக்க முடியாமல் தவித்தது. நான் நாற்காலியை இழுத்து அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போட்டுக்கொண்டேன். அவன் பங்கையும் சேர்த்து உரக்கப் பாடினேன். நான்காவது சரணத்தையும் நானே பாடினேன். அவன் தலை நிமிர்ந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. ஆறு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் அவன் முகம் சிவந்து, "ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாமில்லடா?" என்று கேட்டுவிட்டு, எனக்காக நிற்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான். வியாழக்கிழமை என்னைத் திட்டி ஒரு பாட்டோடு வருவான். வரட்டும். நான்காவது சரணம் என்னிடம் தயாராக இருக்கிறது.